தட்டைப் பிடித்து வண்டியை நிறுத்தியவர்!



நான் ஆட்டோமொபைல் பிரிவு மூன்றாம் ஆண்டு மாணவன். ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசனையும் ஹென்றி ஃபோர்டையும் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நம்ம ஒர்க்ஷாப்பில் தினமும் கை வைக்கிற டிஸ்க் பிரேக்குக்கு 1902-லேயே காப்புரிமை பெற்றவரைப் பற்றி யார் எழுதுவது? அதனால் நான் எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் ஃபிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர்.

1868-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை கட்டிடக் கலைஞர். சவுத்தாம்ப்டனில் ஹார்ட்லி கல்விக்கூடத்திலும் பிறகு லண்டன் சவுத் கென்சிங்டனிலும் படித்தார். புத்தகப் படிப்பு மட்டும் போதாது என்று மாலை நேரத்தில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் பட்டறை வேலை பழகினார். பட்டம் எதுவும் வாங்காமலே வெளியே வந்தார். பாலிடெக்னிக் மாணவனான எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம்!

பர்மிங்ஹாமில் கேஸ் இன்ஜின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே இருந்தபடியே புதுப்புதுக் கருவிகளை உருவாக்கினார். 1895-இல் தம்பி ஜார்ஜின் துணையோடு ஒரு கார் செய்ய ஆரம்பித்தார். 1896-இல் அது ரோட்டில் ஓடியது. அந்தக் காலத்தில் பலரும் குதிரை வண்டியிலேயே இன்ஜினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவரோ சேஸிஸ், கியர், ஸ்டியரிங் என்று எல்லாவற்றையும் மோட்டார் வண்டிக்கென்றே புதிதாக யோசித்தார். 1899-இல் சொந்தக் கம்பெனி பிறந்தது.

வண்டி வேகமாக ஓட ஓட, அதை நிறுத்துவது எப்படி என்ற கேள்வி வந்தது. 1902-இல் இவர் கண்ட விடைதான் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெல்லிய உலோகத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் தாடை. தத்துவம் அவ்வளவுதான். இன்று காலிப்பர் செய்வதும் அதேதான். ஆனால் கவ்வும் இடத்தில் வைக்க அன்றைக்குச் சரியான பொருள் இல்லை. செம்பை வைத்தார். உலோகத்தின் மேல் உலோகம் உரசினால் என்ன ஆகும்? பிரேக் பிடித்தால் காது கிழியும் சத்தம்! அன்றைய புழுதி ரோட்டில் செம்பும் சீக்கிரமே தேய்ந்துபோனது. தட்டு சரி, தத்துவமும் சரி. தட்டுக்கு ஏற்ற ஜோடிதான் அமையவில்லை.

1904-இல் பணமுடையால் கம்பெனி கடன்காரர்கள் சார்பான நிர்வாகத்துக்குப் போய், பிறகு வேறு பெயரில் மீண்டது. லான்செஸ்டர் சோரவில்லை. விமான இறக்கையைக் காற்று எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்து 1907-லும் 1908-லும் இரண்டு நூல்கள் வெளியிட்டார். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் ஷாஃப்ட் இவர் தந்ததுதான். போரில் படைபலத்தைக் கணக்கிட இவர் வகுத்த சமன்பாடுகள் இன்றும் இவர் பெயரிலேயே வழங்குகின்றன. 1922-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். புகழ் வந்தது, பணம் வரவில்லை. கடைசி நாட்களில் நோயும் வறுமையும் வாட்ட, 1946 மார்ச் 8-ஆம் நாள் பர்மிங்ஹாமில் காலமானார்.

ஏழே ஆண்டுகள் கழித்து, 1953-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் முதலிடம் பிடித்தது. அதற்குள் பேட் செய்ய நல்ல பொருள் வந்திருந்தது. காப்புரிமைக்கும் அந்த வெற்றிக்கும் நடுவே 51 வருஷம்! பார்க்கத்தான் அவர் இல்லை.

தோழர்களே, இந்தக் கதையில் நமக்கு ஒரு தொழில் பாடம் இருக்கிறது. தேய்ந்த டிஸ்க்கை மாற்றப் புது டிஸ்க் வாங்கும்போது பலரும் விலையை மட்டும் கேட்கிறோம். ஜோடி சரியா என்று கேட்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 1000 கிலோ கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது. அதை நிறுத்த 2 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். 36 கி.மீ. வேகம் என்றால் 50 ஆயிரம்தான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு! பெரும்பகுதிச் சூட்டையும் முதலில் வாங்கிக்கொள்வது டிஸ்க்தான். அதனால்தான் சூட்டைக் கடத்தி அதிர்வையும் அடக்கும் சாம்பல் வார்ப்பிரும்பில் அதை வார்க்கிறார்கள்.

ஆகவே முதலில் பழைய டிஸ்க்கை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கடைந்து ஒப்பேற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். நடுவில் காற்றுப் போக வழி உள்ள டிஸ்க் இருந்த இடத்தில், விலை குறைவு என்று கெட்டியான டிஸ்க்கை மாட்டக் கூடாது. ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகுதான். ஆனால் மலைப்பாதையில் திரும்பத் திரும்பச் சூடேறினால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடலாம். தினசரி ஓடும் வண்டிக்குச் சாதா டிஸ்க்கே போதும்.

புது டிஸ்க்குக்குப் புது பேட் போட வேண்டும். டிஸ்க் மேல் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். ஹப்பில் உள்ள துருவைச் சுரண்டாமல் மாட்டினால் டிஸ்க் கோணலாக ஆடும். நாளடைவில் பிரேக் மிதி காலில் அதிரும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் அந்த ஆட்டம் பல கார்களில் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கம்பெனிக் கையேடு சொல்வதே முடிவான அளவு.

லான்செஸ்டருக்குச் சரியான ஜோடி கிடைக்கவில்லை. நமக்குக் கடையிலேயே கிடைக்கிறது. கிடைத்தும் கவனிக்காமல் மாட்டினால், அந்த வண்டியில் ஏறும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நாளை ஸ்பேனர் பிடிக்கப் போகும் கைகள் நம்முடையவை. அளந்து மாட்டுவோம், அந்த மேதையின் பெயரையும் மறவாதிருப்போம்!