35 ஆட்டங்களில் 34 வெற்றி: 'ஆல் பிளாக்ஸ்' புகழுக்கு அடித்தளமிட்ட டேவ் கேலஹர்

நியூசிலாந்தின் 'ஆல் பிளாக்ஸ்' ரக்பி அணி உலக அரங்கில் பெற்றுள்ள மதிப்புக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் டேவ் கேலஹர். 1905-06ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவர் தலைமையேற்றுச் சென்ற அணி, 35 ஆட்டங்களில் 34-இல் வென்றது. முன்கள வீரராகத் திகழ்ந்த அவர், 1917 அக்டோபர் 4-ஆம் தேதி முதலாம் உலகப் போரில் உயிர்நீத்தார். வயது காரணமாகப் போருக்குச் செல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

அயர்லாந்திலிருந்து ஆக்லாந்துக்கு

அயர்லாந்தின் டொனிகல் மாவட்டத்திலுள்ள ரமெல்டனில் 1873 அக்டோபர் 30-ஆம் தேதி பிறந்தார் கேலஹர். 1878-இல் அவரது குடும்பம் நியூசிலாந்தின் கட்டிகட்டி குடியேற்றத்துக்குப் புலம்பெயர்ந்தது. குடும்ப வறுமையால் 13 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். பின்னர் ஆக்லாந்தில் குடியேறி, 1895-இல் பொன்சன்பி சங்கத்தில் சேர்ந்து ஆடினார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலும் பங்கேற்றுத் திரும்பினார். 1903-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவை 22-3 என வீழ்த்திய நியூசிலாந்தின் முதல் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார்.

கப்பலில் எழுந்த எதிர்ப்பு

1905-இல் பிரிட்டன் நோக்கிப் புறப்பட்ட கப்பலிலேயே அவரது தலைமைக்கு எதிர்ப்பு எழுந்தது. வீரர்களைக் கேளாமல் ரக்பி சங்கமே தலைவரை நியமித்ததைச் சிலர் ஏற்கவில்லை. கேலஹரும் துணைத் தலைவர் பில்லி ஸ்டெட்டும் பதவி விலக முன்வந்தனர். மேலாளர் அதை ஏற்கவில்லை. பின்னர் நடந்த வாக்கெடுப்பில் கேலஹரை 17 பேர் ஆதரித்தனர்; 12 பேர் எதிர்த்தனர்.

பிளவுபட்டிருந்த அந்த அணி, முதல் ஆட்டத்தில் டெவன் அணியை 55-4 என வீழ்த்திப் பிரிட்டனை வியப்பில் ஆழ்த்தியது. தொடர்ந்து ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து அணிகளும் தோற்றன. 'ஆல் பிளாக்ஸ்' என்னும் பெயர் பரவலானதும் இப்பயணத்தில்தான்.

ஆயினும் கேலஹர் கடும் விமர்சனத்துக்கு உள்ளானார். இரு அணியினரும் முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' அமைப்புக்குள் பந்தை இட்டுவிட்டு, வெளியே நின்று தன் அணியின் பின்கள வீரரைக் காக்கும் 'விங் ஃபார்வர்டு' இடத்தில் அவர் ஆடினார். அது எதிரணியின் வழியை முறையின்றி மறிக்கும் செயல் எனப் பிரிட்டன் பத்திரிகைகள் சாடின. பார்வையாளர்கள் கூச்சலிட்டனர்.

ஒரே தோல்வி

டிசம்பர் 16-ஆம் தேதி கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணியிடம் 0-3 என நியூசிலாந்து தோற்றது. பாப் டீன்ஸ் எல்லைக் கோட்டைத் தொட்டாரா என்பது இன்றுவரை தீராத விவாதம். எனினும் கேலஹர் நடுவரைக் குறை கூறாமல், வேல்ஸ் அணியே சிறப்பாக ஆடியதாக ஒப்புக்கொண்டார்.

அன்று ரக்பி யூனியனில் ஊதியம் கிடையாது. வீரர்களுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங் படி மட்டுமே வழங்கப்பட்டது. பயணத்தின் பெரும் இலாபம் சங்கத்தைச் சேர்ந்தது. இதனால் எழுந்த மனக்குறையும் சேர்ந்தே 1907-இல் நியூசிலாந்தின் தொழில்முறை அணி உருவாகக் காரணமாயிற்று. கேலஹரோ அவ்வழி செல்லாமல், ஆக்லாந்து அணியையும் நாட்டின் அணியையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

போர்க்களத்தில் முடிவு

மனைவியும் சிறு வயது மகளும் இருந்த நிலையில், 1916-இல் 42 வயதில் அவர் தாமாகவே படையில் சேர்ந்தார். அதே ஆண்டில் தம்பி டக்ளஸ் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். 1917-இல் பாஷண்டேல் போரின்போது, கிராவன்ஸ்டாஃபெல் மேட்டின் மீதான தாக்குதலில் குண்டுச் சிதறல் தலைக்கவசத்தைத் துளைத்ததில் கேலஹர் படுகாயமடைந்து இறந்தார். மற்றொரு சகோதரர் ஹென்றி 1918-இல் உயிரிழந்தார்.

பெல்ஜியத்தின் பொப்பரிங்கே நகருக்கு அருகிலுள்ள நைன் எல்ம்ஸ் கல்லறைத் தோட்டத்தில் கேலஹர் அடக்கம் செய்யப்பட்டார். படைப் பதிவில் அவர் வயதைக் குறைத்துக் காட்டியிருந்ததால், கல்லறையில் 41 வயது எனப் பொறிக்கப்பட்டுள்ளது. உண்மையில் அவருக்கு 43 வயது.

ஆக்லாந்து சங்கங்களுக்கிடையே 1922 முதல் 'கேலஹர் கேடயம்' வழங்கப்படுகிறது. நியூசிலாந்து, பிரான்ஸ் அணிகள் 2000 முதல் 'டேவ் கேலஹர் கோப்பை'க்காக மோதுகின்றன. ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் 2011-இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.