தத்துவப் பேராசிரியர் டாக்டர் இராதாகிருஷ்ணன்

முருகன் திருத்தலமாகிய திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பம் ஒன்றில், 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் ஜமீனில் சிறு ஊதியத்திற்குப் பணிபுரிந்தவர். ஆதலின் மகனின் கல்விக்கு உதவிச் சம்பளமே பெரிதும் கைகொடுத்தது. திருப்பதியிலும் வேலூரிலும் பயின்றபின், அவர் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியை அடைந்தார்.

அங்கே எப்பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்னும் வினா எழுந்தது. அக்கல்லூரியில் பட்டம் பெற்ற உறவினர் ஒருவர், தாம் படித்து முடித்த தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்துதவினார். புதிய நூல் வாங்க வசதியற்ற மாணவருக்கு அதுவே வழியாயிற்று. அண்ணன் படித்த நூலைத் தம்பி படிப்பது நம் தோட்டத்து வீடுகளுக்கும் புதிதன்று அல்லவா?

கல்லூரியில் இந்து சமயத்தைப் பற்றி எழுந்த குறைகூறல்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. அவர் சினந்து வாதிடவில்லை. தம் முன்னோர் நூல்களை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்பாருக்கு விடையாக, 1908ஆம் ஆண்டு, இருபது வயதளவில், முதுகலைப் பட்டத்திற்கான ஆய்வுரையை எழுதினார். அதைப் பாராட்டிச் சான்றளித்தவர் பேராசிரியர் ஹாக். அவரும் ஒரு கிறிஸ்துவச் சமயத் தொண்டரே! மாற்றுக் கருத்துடைய மாணவரைப் போற்றிய அவ்வாசிரியரின் பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தது. அவர் மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில், மாணவர்கள் மலர்களால் அழகு செய்த வண்டியில் அவரை அமர்த்தினர். குதிரைகளைப் பூட்டாமல், தாமே அவ்வண்டியைப் புகைவண்டி நிலையம்வரை இழுத்துச் சென்றனர். பட்டங்கள் பல பின்னர் வந்தன. எனினும் இதற்கு இணையான பரிசு வேறு உண்டோ?

இந்தியத் தத்துவம் பற்றிய அவரது பெருநூல் 1923இலும் 1927இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1936இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுச் சமயங்களும் அறநெறியும் கற்பிக்கும் இருக்கை புதிதாக அமைக்கப்பட்டபோது, அதில் முதலில் அமர்ந்தவர் இவரே. ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராகவும் விளங்கினார்.

1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தார். அப்பதவியேற்ற ஆண்டில் அன்பர்கள் அவரது பிறந்தநாளைக் கொண்டாட விழைந்தனர். அந்நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுமாறு அவர் வேண்டிக்கொண்டார். அன்றுமுதல் இந்தியாவில் அவ்வாறே கொண்டாடப்படுகிறது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், தாம் கற்றுக் கற்பித்த சென்னை மாநகரிலேயே அவர் இயற்கை எய்தினார்.