ஜீன்ஸ் தந்த லெவி ஸ்ட்ராஸ் (1829 - 1902)

பள்ளிக்கூடத்துக்கு ஜீன்ஸ் போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திருவாங்க. ஆனால் கோயில் கொடை, கல்யாண வீடு என்றால் நம்ம அண்ணன்மார் எல்லார் காலிலும் அதுதான்! அதுக்குப் பேர் வாங்கின மனிதரைப் பற்றித் தெரியுமா?

லெவி ஸ்ட்ராஸ் 26.2.1829 அன்று பவேரியாவில் பட்டன்ஹைம் என்ற கிராமத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகச் சாமான் சுமந்து விற்றவர். அவர் 1846-ல் காசநோயில் இறந்துபோனார். அதன்பிறகு அம்மாவோடும் இரண்டு சகோதரிகளோடும் லெவி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கில் அண்ணன்மார் ஜவுளி வியாபாரம் செய்தார்கள். 1853-ல் அவர் சான் பிரான்சிஸ்கோ போனார். ஊரே தங்கம் தோண்ட ஓடிய காலம் அது. இவர் மண்வெட்டி எடுக்கவில்லை, துணி மொத்த வியாபாரம் ஆரம்பித்தார். கெட்டிக்காரர்!

கூடாரத் துணியில் லெவியே முதல் ஜீன்ஸைத் தைத்தார் என்று ஒரு கதை உண்டு. அது நிஜமில்லை. அவர் தையல்காரரே இல்லை. தைத்தவர் ரீனோ ஊர் டெய்லர் ஜேக்கப் டேவிஸ். கூலிவேலை செய்கிற ஒருவரின் மனைவி, புருஷனுக்குக் கிழியாத கால்சட்டை கேட்டாங்க. குதிரைப் போர்வைக்கு அடிக்கும் செம்பு ரிவெட்டை டேவிஸ் பாக்கெட் மூலையில் அடித்துப் பார்த்தார். கிழியவே இல்லை! காப்புரிமை வாங்க 68 டாலர் வேணும், கையில் இல்லை. 1872-ல், தனக்குத் துணி தரும் லெவிக்குக் கடிதம் போட்டார். 20.5.1873-ல் டேவிஸும் லெவி கம்பெனியும் சேர்ந்து காப்புரிமை வாங்கினார்கள். ஃபேக்டரியில் தையலை மேற்பார்த்தது டேவிஸ். ஆனால் உலகம் முழுக்கப் போனது லெவி பெயர் மட்டும். இது எனக்குச் சரியாப் படலை.

டெனிம் துணியில் பாவு நூல் நீலம், ஊடை வெள்ளை. வீரவநல்லூர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டுனு புரியும். அதனால்தான் உள்பக்கம் வெளுப்பாக இருக்கு. அவுரி நீலம் நூலின் நடுவரை இறங்காது, துவைக்கத் துவைக்க வெளுக்கும். (நம்ம பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீர் வேகத்தால் ஓடிய ஹார்வி நூல் மில் வந்தது 1880களில்தான்.)

லெவி கல்யாணம் செய்யவில்லை. அநாதை இல்லங்களுக்குக் கொடுத்தார். 1897-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு உதவித்தொகை தந்தார். 26.9.1902-ல் இறந்தார். கம்பெனி அக்கா பிள்ளைகள் கைக்குப் போனது. 1906 பூகம்பத் தீயில் பழைய கணக்குப் புத்தகமெல்லாம் எரிஞ்சு போச்சு. கட்டுக்கதை பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் காலத்தில் அதுக்கு ஜீன்ஸ்னு பேரே இல்லை, தொழிலாளி உடுப்புதான். பெல்ட் மாட்டும் வளையம் 1922-ல்தான் வந்தது. அதுவரை தோள்பட்டை வார்தான்! பின் பாக்கெட் ரிவெட் நாற்காலியைக் கீறுதுன்னு 1937-ல் அதைத் துணிக்குள்ளே மறைச்சாங்க. 1970களில் பெல்பாட்டம், பிறகு தொளதொளா, அப்புறம் காலைக் கவ்வும் டைட், இப்போ மறுபடியும் தொளதொளா. முன் பாக்கெட் மூலையில் டேவிஸின் ரிவெட் மட்டும் இன்னும் இருக்கு.