பாப் ஸ்மியர் தந்த பாப்பனிகோலாவ்: வைரஸ் எதுவென்றே தெரியாமல் புற்றுநோயைத் தடுத்தவர்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு மூலம் பரவக்கூடியது. இதற்குத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது 2006-ல்தான். ஆனா, அதற்கு அறுபது வருஷம் முன்னாடியே இந்தப் புற்றுநோயிலிருந்து பெண்களைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது. அதுதான் 'பாப் ஸ்மியர்' பரிசோதனை. அந்தப் பெயரில் இருக்கும் 'பாப்', ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற மருத்துவரின் பெயர்ச் சுருக்கம்.

யார் இவர்?

கிரீஸ் நாட்டின் யூபியா தீவில் உள்ள கிமி என்ற ஊரில் 1883 மே 13 அன்று பிறந்தார். அப்பாவும் டாக்டர்தான். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் 1904-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய ஜார்ஜுக்கு, ஊரிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருப்பதில் மனசு ஒட்டவில்லை. ஆராய்ச்சிதான் இழுத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் 1910-ல் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆந்த்ரோமாக்கியைத் திருமணம் செய்துகொண்டார். பின்னாளில் மேரி என்று அறியப்பட்டவர் இவர்தான்.

1913-ல் தம்பதி இருவரும் நியூயார்க் போய் இறங்கினார்கள். கையில் பெரிதாகப் பணம் இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது. மேரி ஒரு கடையில் பொத்தான் தைத்தார். டாக்டர் பட்டத்தோடு முனைவர் பட்டமும் வைத்திருந்த கணவர் கம்பளம் விற்றுப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. உணவகங்களில் வயலின் வாசித்தார். 1914-ல்தான் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. மேரியும் அங்கே அவருடைய உதவியாளரானார்.

எலி அல்ல, கினி பன்றி

ஆராய்ச்சிக்காகக் கினி பன்றிகளின் கருமுட்டை எந்த நேரத்தில் முதிர்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. விலங்கைக் கொல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? பிறப்புறுப்பிலிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்து, ஸ்லைடில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சுழற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் உதிரும் செல்களின் வடிவம் மாறுவது தெரிந்தது. 1917-ல் இதை வெளியிட்டார்.

அடுத்தது மனிதர்கள். முதலில் முன்வந்தவர் மேரி. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து மாதிரி கொடுத்தார். ஆரோக்கியமான செல் எப்படியிருக்கும் என்பதைக் கணவர் கற்றுக்கொண்டது அந்த ஸ்லைடுகளில்தான். அதனாலேயே, பிறகு மருத்துவமனையில் மற்றப் பெண்களின் மாதிரிகளைப் பார்த்தபோது, கோணல்மாணலான புற்றுநோய்ச் செல்கள் பளிச்சென்று கண்ணில் பட்டன.

கண்டுக்காத மருத்துவ உலகம்

1928-ல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். யாரும் பெரிதாகக் கண்டுக்கவே இல்லை. சதையை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இருக்கும்போது, இந்தத் தடவல் எதற்கு என்பதே மருத்துவர்களின் எண்ணம். ஆனால் பயாப்ஸி செய்யத் தோன்றுவதே அறிகுறி தெரிந்த பிறகுதான். அதற்குள் பல பெண்களுக்குக் காலம் கடந்துவிடும்.

பத்து வருஷம் கழித்து, ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவரோடு மறுபடி இறங்கினார். 1941-ல் கட்டுரையும், 1943-ல் புத்தகமும் வந்தன. எந்த அறிகுறியும் இல்லாத பெண்களிடமே நோய் பிடிபட்டதைப் பார்த்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பரிசோதனை பரவலான நாடுகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் பல பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கின.

லாஸ்கர் விருது அவருக்கு 1950-ல் கிடைத்தது. நோபல் கிடைக்கவில்லை. 1962 பிப்ரவரி 19 அன்று மியாமியில் மாரடைப்பால் இறந்தார்.

அவருக்குத் தெரியாதது

தான் தேடிப் பிடித்த நோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு ஹெச்.பி.வி. 16-ஆம் வகையைக் கண்டறிந்து அறிவித்தது 1983-ல்தான். அப்படியிருந்தும் பாப் ஸ்மியர் எப்படி வேலை செய்தது? இந்த வைரஸ் தொற்றைப் பெரும்பாலும் உடலே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால், புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் செல் மாறுவதைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் போதும், புற்றுநோயே வராது.

அப்போ தடுப்பூசி போட்டால் பரிசோதனை வேண்டாமா? வேண்டும். 9 முதல் 14 வயதுக்குள், அதாவது வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால் ஊசியின் பலன் அதிகம். ஏற்கெனவே வந்த தொற்றை அது குணப்படுத்தாது. எல்லா வகை ஹெச்.பி.வி.யையும் தடுக்காது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் தோல் உரசலிலும் வைரஸ் பரவுவதால் அது முழுப் பாதுகாப்பு இல்லை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு மூன்று இலக்குகள் வைத்திருக்கிறது. 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறை, 45-க்குள் மறுமுறை பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. இப்போது வைரஸையே நேரடியாகத் தேடும், பாப் ஸ்மியரைவிடத் துல்லியமான சோதனை வந்துவிட்டது. இருந்தும் 2022-ல் மட்டும் உலகில் சுமார் 3.5 லட்சம் பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர், ஊசியும் பரிசோதனையும் எட்டாத ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.