களஞ்சியம் திறந்த வணிகர் ஜகடூ ஷா

கட்ச் வளைகுடாவின் வடகரையில், முந்த்ராவுக்கு அருகே, இன்று சிற்றூராக அமைந்திருக்கும் பத்ரேசுவரம் 13-ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியது. பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் மரக்கலங்கள் அங்கு நங்கூரமிட்டன. அவ்வூரில் ஸ்ரீமாலி குலத்துச் சமண வணிகர் சோல்ஹா என்பாருக்கு மூத்த மைந்தராகப் பிறந்தவர் ஜகடூ. ராஜா, பத்மா என இளவல் இருவர். தந்தை மறைந்தபின் குடும்பப் பொறுப்பும் வணிகப் பொறுப்பும் இளமையிலேயே அவர் தோள்மீது வந்தன.

ஜகடூவின் வரலாற்றை நமக்குக் காத்தளித்தது சர்வானந்த சூரி இயற்றிய ஜகடூசரிதம் என்னும் வடமொழிக் காவியம். அதனை ஆராய்ந்து 1892-இல் உலகறியச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் பியூலர். காவியமாதலின் தெய்வ அருளும் அற்புதமும் அதில் கலந்துள்ளன. அவற்றை விலக்கி நோக்கினும் எஞ்சுவது ஒரு பெருவணிகரின் வாழ்க்கையே ஆகும்.

ஜகடூவின் வாழ்வில் செல்வத்தை முந்தி வந்தது துயரம். அவருக்கு ஆண்மகவு இல்லை. யசோமதி என்னும் இல்லாளிடம் பிறந்த ஒரே மகள் பிரீதிமதி. மணமாகிச் சில நாளிலேயே அவள் கணவனை இழந்தாள். இளம்பெண்ணின் வாழ்வு கருகுவதைப் பொறாத தந்தை, உறவினரின் இசைவு பெற்று அவளுக்கு மறுமணம் செய்விக்கத் துணிந்தார். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த எண்ணம் இது! ஆனால் குலத்து மூத்த கைம்பெண்கள் இருவர் அணிகலன் பூண்டு அவர்முன் வந்து நின்றனர். மகளுக்கு வரன் தேடுபவர் தங்களுக்கும் தேடித்தரட்டும் என்று இடித்துரைத்தனர். ஜகடூ பின்வாங்கினார். மகளின் புண்ணியத்தின் பொருட்டு அறப்பணிகள் செய்வதோடு அமைந்தார். முயன்றதையும் தோற்றதையும் காவியம் ஒளிக்கவில்லை; அதனால்தான் மற்றவற்றையும் நம்பத் தோன்றுகிறது.

அவருடைய வணிக முறையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹோர்முஸ் துறையில் அவர்தம் முகவர் ஜயந்தசிம்மன், ஒரு கல்லின் பொருட்டு ஸ்தம்பதீர்த்தத்துத் துருக்கிய மாலுமியோடு போட்டியிட்டான். விட்டுக்கொடுத்தால் தலைவரின் பெயர் தாழும் என்றெண்ணி, லட்சக்கணக்கான தீனார் கொடுத்து அக்கல்லை வாங்கினான். ஊர் திரும்பி அஞ்சியபடியே செய்தியைச் சொன்னான். ஜகடூ கடிந்துகொள்ளவில்லை, தம் மானம் காத்தவன் என்று பரிசளித்தார். கல் வீட்டு முற்றத்தில் கிடந்தது. பின்னர் அதனுள் மணிகள் இருந்தன என்று கதை வளர்கிறது. மணிகள் இல்லாதிருந்தாலும் ஜகடூ அப்பணத்திற்கு வருந்தியிருக்கமாட்டார் என்றே கொள்ளலாம்.

பாரா நாட்டுத் தலைவன் பீடதேவன் பத்ரேசுவரத்தின் மதிலை இடித்து வீழ்த்தியிருந்தான். அதனை மீண்டும் எழுப்ப ஜகடூ முனைந்தபோது, கழுதைக்குக் கொம்பு முளைத்தால் மதிலும் எழும் என்று ஏளனமாகச் செய்தி விடுத்தான். ஜகடூ குஜராத்தின் பெருந்தலைவர் லவணப்பிரசாதரை அணுகிப் படைத்துணை பெற்றார். மதிலை முடித்தார். அதன் மூலையில் பொற்கொம்புடைய கற்கழுதை ஒன்றையும் அமைத்தார். ஊரிலுள்ள ஜினாலயத்தைப் புதுப்பித்த அவரே, தம் துறைக்கு வந்து வணிகம் செய்த இசுலாமியர்க்கு ஒரு பள்ளிவாசலும் கட்டித்தந்தார் என்று ஒரு சமண ஆசிரியரே போற்றி எழுதியுள்ளார்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, அவர் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தியது பஞ்சம். விக்கிரம சகாப்தம் 1312 கடந்ததும் மூன்றாண்டுகள் மழை பொய்க்கும் என்று அவர்தம் குரு பரமதேவ சூரி முன்னறிவித்தார். ஜகடூ காத்திருக்கவில்லை. நாடெங்கும் இருந்த தம் முகவர்க்கு ஓலை போக்கி, விளைவு மலிந்திருந்த காலத்திலேயே தானியம் கொள்ளச் செய்தார்; ஊர்தோறும் களஞ்சியம் நிரப்பினார். மற்ற வணிகரும் பஞ்சத்தை எதிர்நோக்கித் தானியம் சேர்ப்பதுண்டு. விலை ஏறியபின் விற்பதற்காக அவர்கள் சேர்ப்பார்கள். ஜகடூ ஒவ்வொரு களஞ்சியத்துள்ளும் ஒரு செப்பேடு பதித்தார். இத்தானியம் ஏழைகளுக்கு உரியது என்பதே அதன் வாசகத்தின் பொருள்.

கி.பி. 1256 முதல் 1258 வரை மேற்கு இந்தியா வறண்டது. இரண்டாம் ஆண்டில் அரசர்களின் கிடங்குகளும் ஒழிந்தன. அணஹிலவாடத்து வாகேல மன்னர் வீசலதேவர் ஜகடூவை அழைத்து, அங்குள்ள அவர் களஞ்சியங்களின் தானியத்தை விலைக்குக் கேட்டார். அங்கே தமக்கு உரிய தானியம் ஏதுமில்லை என்றார் ஜகடூ. மன்னர் ஐயுற்றார். களஞ்சியத்துச் செப்பேடு எடுத்துக் காட்டப்பட்டது. ஏழையர்க்கு எழுதி வைத்ததை அரசனுக்கு விற்க ஜகடூவுக்கு உரிமையில்லை என்பது அப்போது விளங்கிற்று. எனினும் அரசனின் குடிகளும் பசித்தோர் தாமே! 8,000 மூடகம் தானியத்தை விலையின்றி வழங்கினார். சிந்து மன்னர் ஹம்மீரருக்கு 12,000, தில்லிச் சுல்தானுக்கு 21,000, காசி வேந்தருக்கு 32,000 எனக் காவியம் கணக்கடுக்குகிறது. கவியின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் பகையரசர்களுக்கும் வேற்றுச் சமயத்து வேந்தர்க்கும் ஒரே களஞ்சியம் திறந்தது என்னும் செய்தியில் மிகைக்கு இடமில்லை.

112 அறச்சாலைகளில் நாள்தோறும் உணவு அளிக்கப்பட்டதாகக் கூறுவர். அங்கே வரிசையில் நிற்கக் கூசியவர்களும் இருந்தனர். நேற்றுவரை பிறர்க்கு ஈந்து வாழ்ந்த குடும்பத்தினர், வயிறு காய்ந்தாலும் வாசல் தாண்டமாட்டார்கள். பஞ்சத்தில் ஓசையின்றி மடிபவர் இவர்களே. ஜகடூ இவர்களை மறக்கவில்லை. பொற்காசு உள்ளே வைத்த இனிப்பு உருண்டைகளைச் செய்வித்து அவர்களுக்குச் சேர்ப்பித்தார். லஜ்ஜாபிண்டம், அதாவது நாணத்தின் உருண்டை என்று அதற்குப் பெயர். பிற்காலக் கதை ஒன்று இன்னும் ஒருபடி செல்கிறது. ஜகடூ திரைக்குப் பின்னே அமர்ந்திருப்பாராம். பெறுபவர் கையை மட்டும் உள்ளே நீட்டுவாராம். ஒருநாள் மாறுவேடத்தில் வீசலதேவரே கை நீட்டினார். உள்ளங்கை ரேகையைக் கண்டு உயர்குடிப் பிறந்தவர் என்றுணர்ந்த ஜகடூ தம் மணிமோதிரத்தைக் கழற்றி அக்கையில் வைத்தார் என்பது கதை. அது நடந்ததோ இல்லையோ, அந்தத் திரை பொய்யன்று என்று தோன்றுகிறது. லஜ்ஜாபிண்டம் செய்யத் தெரிந்த மனத்துக்குத் திரை கட்டவும் தெரிந்திருக்கும்.

ஜகடூ சுவேதாம்பர மரபினர். சமணம் போற்றும் ஆகாரதானம், ஔஷததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்னும் நான்கும் இரு மரபினர்க்கும் பொது. அவற்றுள் ஆகாரதானத்தை ஒரு வேளைச் சோறாகக் கருதாமல், முன்கூட்டியே திட்டமிட வேண்டிய கடமையாகக் கொண்டவர் ஜகடூ. சிராவகர்க்குரிய பரிக்கிரக பரிமாணத்தை, பொருளுக்கு வரம்பு கட்டும் அந்த நோன்பை, அச்செப்பேட்டிலும் காணலாம். பெருஞ்செல்வத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, அதற்கு அப்பால் உள்ளது தமதன்று என்று எழுத்தில் பொறித்துக்கொண்டார்.

மழை திரும்பியது. மக்கள் தத்தம் ஊர் மீண்டனர். களஞ்சியங்கள் வெறுமையாயின. அந்தப் பஞ்சம் குஜராத்தில் பதினைந்தாம் ஆண்டுப் பஞ்சம் என்று நெடுங்காலம் நினைக்கப்பட்டது. ஜகடூ எஞ்சிய நாட்களைத் திருப்பணியிலும் குருசேவையிலும் கழித்தார். அவர் புதுப்பித்த பத்ரேசுவரத்து ஆலயம் பலமுறை இடிந்தும் பலமுறை எழுந்தும் வந்துள்ளது. 2001 சனவரி நிலநடுக்கத்திற்குப் பின்னரும் அது மீண்டும் கட்டப்பட்டது.

அவர் மறைந்த செய்தி பரவியபோது நிகழ்ந்தவற்றையும் காவியம் குறிக்கிறது. தில்லித் தலைவர் தம் தலைப்பாகையைக் களைந்தார். வீசலதேவருக்குப் பின் அரியணை ஏறிய அர்ஜுனதேவர் வாய்விட்டு அழுதார். சிந்து மன்னர் இரண்டு நாட்கள் உணவு கொள்ளவில்லை.