வைனுக்கு வைத்தியம் பார்த்தவர்

ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வர்ற பால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, "பாஸ்டரைஸ்டு"ன்னு போட்டிருக்கும். அது லூயி பாஸ்டர்ங்கிற விஞ்ஞானியோட பேர்ல இருந்து வந்ததுன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. ஆனா அந்த முறையை அவர் உருவாக்கினது பாலுக்காக இல்ல, வைனுக்காக!

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸில் தோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தோல் பதனிடுறவர். வளர்ந்தது ஆர்புவா என்ற சின்ன ஊரில். ஊரைச் சுத்தி திராட்சைத் தோட்டங்கள். அங்க வைன் என்பது பார்ட்டிக்கு மட்டும் எடுக்கிற ஐட்டம் இல்ல, தினசரி சாப்பாட்டோட ஒரு பகுதி. அந்தப் பக்கத்து மஞ்சள் வைன் பீப்பாயிலேயே 6 வருஷத்துக்கு மேல கிடக்கும். அதை அதே வட்டாரத்து கோம்தே சீஸ், வால்நட், கோழிக்கறியோட சேர்த்துக் குடிப்பாங்க. எந்த வைனுக்கு எந்தச் சாப்பாடுன்னு குழம்புறவங்களுக்கு அந்த ஊர் வழக்கத்துலயே ஒரு பதில் இருக்கு: ஒரே மண்ணுல விளைஞ்சது பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகும்.

அவரோட முதல் பெரிய கண்டுபிடிப்பும் வைன் சம்பந்தப்பட்டதுதான். வைன் பீப்பாயின் அடியில் படியுற உப்பிலிருந்து கிடைப்பது டார்டாரிக் அமிலம். 1848-ல் அதோட நெருங்கிய உறவான ஒரு அமிலத்தின் உப்புப் படிகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வலது கை இடது கை மாதிரி ரெண்டு வகை இருக்குன்னு கண்டுபிடிச்சு, கையாலேயே பிரிச்சு எடுத்தார். கெமிஸ்ட்ரி பேப்பர்ல கைரலிட்டி வந்து நம்மைப் படுத்துதே, அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இவர்தான்.

1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஒரு வேலை கொடுத்தார். பிரான்ஸ் வைன் விற்பனைக்குப் போற வழியிலேயே கெட்டுப்போகுது, காரணம் கண்டுபிடிங்க. பாஸ்டர் பாரிஸ்ல உட்கார்ந்து யோசிக்கல. நேரா ஆர்புவாவுக்குப் போய், ஒரு பழைய காபிக் கடை அறையை லேப் ஆக்கினார். கருவிகளைச் செஞ்சு கொடுத்தது உள்ளூர் தச்சரும் தகர வேலைக்காரரும். புளிச்ச வைன், கசந்த வைன், கோந்து மாதிரி நூல் விடுற வைன்னு ஒவ்வொண்ணையும் மைக்ராஸ்கோப்பில் வெச்சுப் பார்த்தார். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு தனி நுண்ணுயிர் இருந்தது.

தீர்வு எளிமையா இருந்தது. காத்து புகாம மூடின பாட்டிலை 50 - 60 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொஞ்ச நேரம் சூடாக்கினா போதும், கெடுக்கிற கிருமி அடங்கிடும். ஆனா வைனைச் சூடு பண்ணினா ருசி போயிடுமேன்னு வியாபாரிகள் பயந்தாங்க. பாஸ்டர் வாக்குவாதம் பண்ணாம டெஸ்ட் வெச்சார். ருசி பார்க்குறதுல கைதேர்ந்தவங்க கையில் சூடாக்கினதையும் சூடாக்காததையும் கொடுத்தார். பெரிய வித்தியாசம் தெரியல. அப்புறம் அவங்களுக்குத் தெரியாம ரெண்டு கிளாஸிலும் ஒரே வைனை ஊத்திக் கொடுத்தார். அதிலும் வித்தியாசம் கண்டுபிடிச்சாங்க! பிறகு கடற்படைக் கப்பல் ஒன்றில் ரெண்டு வகையையும் 10 மாசம் அனுப்பிப் பார்த்தாங்க. சூடாக்கின வைன் நல்லபடியா திரும்பி வந்தது.

இந்த முறைக்கு 1865-ல் காப்புரிமை வாங்கினார். ஆனா அதை வெச்சுக் காசு பார்க்கல, யார் வேணாலும் பயன்படுத்தட்டும்னு பொதுவில் விட்டுட்டார்.

அந்த வருஷங்கள் அவருக்கு எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சா மனசு கனத்துடும். மூத்த மகளை 1859-லேயே டைபாய்டுக்குப் பறிகொடுத்திருந்தார். 1865 ஜூனில் அப்பா இறந்தார். அதே செப்டம்பரில் ரெண்டு வயசு மகள் கமீல். 1866 மே மாதம் இன்னொரு மகள் செசில், அதுவும் டைபாய்டு. வைன் பற்றிய அவர் புத்தகம் வந்தது அதே 1866-ல். ஒரு பாட்டிலைக் கெடுக்கிற கிருமியை அவரால் தடுக்க முடிஞ்சது, தன் பிள்ளைகளைக் கொன்ன கிருமியை முடியல. பின்னாளில் அவர் மனுஷங்களோட நோய் பக்கம் திரும்பி, 1885-ல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வரைக்கும் போனார். 1895 செப்டம்பர் 28 அன்று இறந்தார்.

வைன் ஆரோக்கியமான பானம்னு அவர் நம்பினது உண்மை. குடிதண்ணியில காலராவும் டைபாய்டும் வந்த காலத்துல அதுக்கு அர்த்தம் இருந்தது. இன்னைக்கு எந்த அளவு மதுவும் முழுசா பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதனால இதைக் காட்டி வீட்ல பர்மிஷன் கேட்காதீங்க, மாட்டிப்பீங்க.

ஆனா என்னைக்காவது ஒரு வைன் பாட்டில் முன்னாடி உட்கார்ந்தா ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். திறந்த பாட்டிலைக் காத்து பட விட்டா அதே பழைய கிருமி வந்து வினிகர் ஆக்கிடும். நல்லா மூடி ஃப்ரிட்ஜில் வெச்சு சில நாள்ல முடிச்சிடணும். அடுத்தது, விலையையும் லேபிளையும் பார்த்து மயங்காதீங்க. ஒரே வைனை ரெண்டு கிளாஸில் வாங்கின பெரிய நிபுணர்களே ஏமாந்துட்டாங்க. லேபிளை மறைச்சுட்டு ருசி பாருங்க, உங்களுக்குப் பிடிச்சா அது நல்ல வைன்.