பட்டோடியின் கண்ணும் முப்பது விழுக்காடும்

1961ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹோவ் நகரில் ஒரு சிறிய கார் இன்னொரு வண்டியுடன் மோதியது. காரில் இருந்தவர்களில் ஒருவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியின் தலைவரான இருபது வயது மாணவர். தோளில்தான் அடி என்று முதலில் எண்ணினார். ஆனால், கண்ணாடிச் சில்லு ஒன்று அவருடைய வலக்கண்ணைத் துளைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அந்தக் கண்ணில் பயன்படத்தக்க பார்வை மீளவில்லை.

அவர்தான் மன்சூர் அலி கான் பட்டோடி. 1941இல் போபாலில் பிறந்தவர். தந்தை இப்திகார் அலி கான் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் டெஸ்ட் ஆடியவர். மகனின் பதினோராவது பிறந்த நாளன்று போலோ ஆடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வின்செஸ்டர் பள்ளியில் டக்ளஸ் ஜார்டின் வைத்திருந்த ரன் சாதனையை மகன் முறியடித்தபோது, தந்தையையும் விஞ்சப்போகிறவர் என்றே பலரும் கருதினர். விபத்து நடந்தபோது அவர் ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடியிருக்கவில்லை. பிற்காலத்தில் நாம் கொண்டாடிய பட்டோடியின் டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் ஒற்றைக் கண்ணால் ஆடப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பந்தடிப்பதற்கு முன்பே அன்றாட வாழ்க்கை அவரைச் சோதித்தது. சிகரெட் பற்றவைக்கப் போனால் தீக்குச்சி முனையைத் தொடாமல் விலகியது. குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றினால் அது மேசையில் கொட்டியது. இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழத்தின் உணர்வு போய்விட்டால், கைக்கெட்டும் பொருள்கூட வேறெங்கோ இருக்கும். முழங்கால் அறுவைக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பும் வீரர்களிடமும் இதைக் காணலாம். எலும்பு கூடியிருக்கும், தசை தேறியிருக்கும். ஆனாலும் கால் தரையை நம்ப மறுக்கும். உடல் தருகிற தகவலை மீண்டும் நம்பக் கற்றுக்கொள்வது தனியான ஒரு வேலை.

நான் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் ஆலைத் தொழிலாளர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், காசிமேட்டு மீனவர்கள் ஆகியோரின் பிள்ளைகளே என் மாணவர்களில் பெரும்பகுதி. தொழிலாளர் பொருளாதார வகுப்பில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துவேன். அதன் முதல் அட்டவணை உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை குறித்தது. மறு கண் நலமாக இருக்க, ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. கண்ணையே இழந்தால் 40 விழுக்காடு. அந்தக் கணக்கின்படி பட்டோடி முப்பது விழுக்காடு குறைந்த ஆட்டக்காரர்!

விபத்து நடந்து ஆறு மாதம் முடிவதற்குள் அவர் இந்திய அணியில் இடம்பெற்றார். அதற்கு முன் ஹைதராபாத்தில், டெட் டெக்ஸ்டர் தலைமையில் வந்த அணிக்கு எதிரான ஆட்டம் ஒன்று. கண்ணில் வில்லை பொருத்திக்கொண்டு ஆடப் போனவருக்கு இரண்டு பந்துகள் தெரிந்தன. இடையில் ஆறேழு அங்குலம். உள்பக்கமாகத் தெரிந்த பந்தே உண்மையானது என்று முடிவுசெய்து அடித்தார். பிறகு வில்லையைக் கழற்றிவிட்டு, வலக்கண்ணை மூடிக்கொண்டு ஆடி 70 ரன் எடுத்தார். டிசம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட். 1962 ஜனவரியில் சென்னை. சென்ட்ரலை அடுத்த கார்ப்பரேஷன் விளையாட்டரங்கில், ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், அவர் முதல் டெஸ்ட் சதமாக 103 ரன் அடித்தார். இங்கிலாந்தை ஒரு தொடரில் இந்தியா முதன்முறையாக வென்றது அந்த ஆட்டத்தில்தான்.

இதை மன உறுதியின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உறுதியைவிடக் கடினமான ஒன்றை அவர் செய்தார்: பழைய ஆட்டக்காரரைக் கைவிட்டார். பந்துவீச்சாளருக்கு இன்னும் முகம் திருப்பி நிற்கும்படி நிலையை மாற்றிக்கொண்டார். தொப்பியின் விளிம்பை வலக்கண்மீது இழுத்துவிட்டுக்கொண்டார். மிகச் சிறந்த மட்டையாளராகும் ஆசையை விட்டு, அணிக்குப் பயன்படும் மட்டையாளராவதே போதும் என்று தீர்மானித்ததைத் தன் வரலாற்று நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். இருபது வயதில் அப்படி ஒரு கணக்கை நேர்செய்வதற்கு எவ்வளவு துக்கம் தேவைப்பட்டிருக்கும்!

அதே 1962 மார்ச்சில் பார்படாஸில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து அணித்தலைவர் நரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. அவர் உயிர் பிழைத்தார். உள்நாட்டு ஆட்டங்களுக்கும் திரும்பினார். டெஸ்ட் அணியின் கதவு மட்டும் திறக்கவில்லை. அவருடைய இடத்தில் 21 வயது 77 நாளில் தலைவரானவர் பட்டோடி. மீண்டு வந்தவர்களின் கதைகளையே நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வரத் தயாராக இருந்தும் இடம் கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

என் மாணவர் ஒருவரின் தந்தை அப்படிப்பட்டவர். லேத் பட்டறையில் தெறித்த இரும்புத் துகள் ஒரு கண்ணைப் பறித்தது. இழப்பீடு தாமதமாக வந்தாலும் வந்தது. இரண்டாம் மாதமே பழைய இயந்திரத்தின் முன் நிற்கவைக்கப்பட்டார். கைக்குப் பழகிய வேலைதான். ஆனால் கருவி உலோகத்தைத் தொடும் கணத்தில் தலை தானாகவே பின்வாங்கும் என்று மகன் சொன்னார். சைக்கிளில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகும்போது, பார்வையற்ற பக்கத்தில் கன்டெய்னர் லாரி வரும் ஓசை கேட்டால் இறங்கி நின்றுவிடுவாராம். சில வாரங்களில் வாயிற்காவலுக்கு மாற்றப்பட்டார், கூலி பாதியானது. முப்பது விழுக்காடு என்று சட்டம் சொன்னது, ஐம்பது என்று வாழ்க்கை சொன்னது. இடைப்பட்ட இருபது விழுக்காட்டைக் கண் பறிக்கவில்லை, அச்சம் பறித்தது. அந்த அச்சம் தணிய ஆறு மாத அவகாசமும், கூலி குறையாமல் பழகிப் பார்க்க ஓர் இயந்திரமும் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்களுக்கு விதிக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தப் பிரிவு எட்டுவதில்லை.

பட்டோடிக்கு அவகாசம் இருந்தது, குடும்பச் செல்வம் இருந்தது, தவறினாலும் பட்டினி இல்லை. அதனால் அவர் செய்தது சிறியதாகிவிடாது. 1967 டிசம்பர் இறுதியில் மெல்போர்னில் தொடைத் தசை கிழிந்த நிலையில், தனக்காக ஓட இன்னொருவரை வைத்துக்கொண்டு மட்டை பிடித்தார். இந்தியா 25 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்திருந்த அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை 75, 85. ஒரு கண், ஒரு கால். ஓட முடியாதவர் ஓடாமலே ரன் சேர்க்கும் வழியைத் தேடினார். அடுத்து நியூசிலாந்தில், வெளிநாட்டு மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றி அவர் தலைமையில் கிடைத்தது.

46 டெஸ்ட்களில் 2,793 ரன், சராசரி 34.91. இரண்டு கண்களும் இருந்திருந்தால் எவ்வளவு என்று கிரிக்கெட் அன்பர்கள் இன்றும் கேட்பார்கள். தன் வாழ்நாளில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அவர் அதிகம் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. 2011 செப்டம்பர் 22 அன்று டெல்லியில் நுரையீரல் நோயால் இறந்தார். குடும்பத்தார் அவருடைய கண்ணைத் தானமாகக் கொடுத்தார்கள்.